ஃபார்வர்டுக்கு அடுத்த வரி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பீரோவின் அடித்தட்டிலிருந்து என்றுதான் சொல்லவேண்டும். போன மாதம் பழைய ரேஷன் கார்டைத் தேடிக்கொண்டிருந்தேன். அது கிடைக்கவில்லை. பிளாஸ்டிக் உறைக்குள் நாலாக மடித்து வைத்த ஒரு தாள் கிடைத்தது. 2003-ஆம் வருடத்துப் பரீட்சை முடிவுத் தாள். ஓரத்தில் தடவிப் பார்த்தால் விரலுக்குத் தட்டுப்படுகிற அழுத்து முத்திரை. அறுபது கேள்விக்கு முப்பத்தேழு சரி. தேர்ச்சி.

தாளில் இருக்கிற பெயர் கோகுல்நாத். கோகுல்நாத் நான் இல்லை.

(மேலே இருக்கிற வரியை மூன்று முறை அடித்துவிட்டு மூன்று முறை திரும்ப எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு இருக்கட்டும். அடுத்தவன் பரீட்சைத் தாள் என் பீரோவுக்குள் எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கதை படிக்க வந்தால் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போகவேண்டும்.)

என் மனைவி ஹம்சவேணி இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, "உங்க பேரையே போட்டுட்டு நான் இல்லைங்கறீங்க, படிக்கிறவங்க என்ன இளிச்சவாயங்களா?" என்று கேட்டாள். சௌராஷ்டிரத்தில் கேட்டாள். தமிழில் எழுதும்போது மரியாதை கொஞ்சம் கூடிவிட்டது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "வைகையின் சலசலப்பில் மதுரை மெல்லக் கண்விழித்த அந்த மே மாதக் காலையில்..."

மே மாதம், 2003. வைகையில் அப்போது மூன்று கிரிக்கெட் டீம் ஆடிக்கொண்டிருந்தது. சலசலத்தது அம்பயரிங் தகராறு. அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கத்தைக் கட்டுரையாக எழுதினேன். இணையம் என்றால் என்ன, அது எங்கே பிறந்தது, மனித குலத்துக்கு அதனால் ஆனது என்ன என்று ஆறு பக்கம். ஹம்சவேணி ஆறு பக்கத்தையும் பொறுமையாகப் படித்துவிட்டு, இதில் ஆளே வரவில்லையே என்றாள். ஆறு பக்கமும் போனது. ஒரே ஒரு பத்தியை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறேன். அது இல்லாமல் கதை புரியாது, பிடித்துக்கொள்ளுங்கள்:

நீங்கள் கம்ப்யூட்டரில் ஒரு முகவரியைத் தட்டுகிறீர்கள். எங்கேயோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அறையில் இருக்கிற மெஷினுக்கு அந்தக் கேள்வி போகிறது. அங்கே ஒரு புரோகிராம் ஓடி, பதிலைத் தயாரித்து, உங்களுக்கு அனுப்புகிறது. அந்த மெஷினுக்கு சர்வர் என்று பெயர். அந்தப் புரோகிராமுக்கு சர்வ்லெட் என்று பெயர். அதை எழுதத் தெரியும் என்று சான்றிதழ் வாங்குவதற்கு ஒரு பரீட்சை உண்டு. அவ்வளவுதான். இதற்கா ஆறு பக்கம் எழுதினேன் என்று இப்போது எனக்கே தோன்றுகிறது.

3

மூன்றாவது தொடக்கம். இதுதான் நிற்கிறது.

காளவாசலில் ஒரு பரோட்டாக் கடை, அதன் மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். சென்டரின் பெயர் வேண்டாம். பெயரில் ஒரு 'சாஃப்ட்' இருந்தது, மற்றபடி அங்கே நாற்காலி உட்பட எதுவும் சாஃப்டாக இல்லை. அங்கே சர்வ்லெட் சொல்லிக்கொடுத்தவன் கோகுல்நாத். வயது இருபத்தாறு. பி.எஸ்ஸி. கணிதம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், வகுப்பில் தமிழ், புத்தகம் ஆங்கிலம். மூன்றிலும் ஒரே அளவுக்கு அரைகுறை என்பதால் எந்த மொழிக்கும் அவன் பாரபட்சம் காட்டியதில்லை.

சர்வ்லெட்டை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்பைரல் பைண்டிங் போட்ட ஒரு ஜெராக்ஸ் புத்தகம் சொல்லிக்கொடுத்தது. மாணவர்களைவிட ஒரு அத்தியாயம் முன்னால் இருந்தால் போதும், அவன் ஆசிரியர் என்பது அவன் கொள்கை. அந்த ஒரு அத்தியாயத்தையும் விளக்குத்தூணிலிருந்து காளவாசல் வரும் பஸ்ஸில் நின்றுகொண்டே படித்துவிடுவான். பஸ் சிக்னலில் நிற்காமல் வந்துவிட்டால் அன்றைக்குப் பாடம் குறையும்.

சென்டரில் எட்டு மெஷின். சர்வர் ஓடுகிற அளவுக்குத் தெம்பு இருந்தது ஒன்றுக்குத்தான். அது ஓனர் அறையில் இருந்தது, ஓனர் அதில் சீட்டாடுவார். ஆகவே கோகுல்நாத் இரண்டு வருடமாக சர்வ்லெட்டைக் கரும்பலகையில்தான் ஓட்டினான். கரும்பலகையில் எந்தப் புரோகிராமும் எர்ரர் கொடுத்ததில்லை.

ஆனால் ஒன்று. அவன் உதாரணம் சொன்னால் வகுப்பு கிறங்கிப்போகும். அதில் அவனை அடிக்க ஆளில்லை. (இதை எழுதும்போது எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது. அவன் நான் இல்லை என்றாலும்.)

அவனுடைய உதாரணங்களிலேயே பேர்போன ஒன்று இருக்கிறது. இந்தக் கதையே அதில்தான் தொங்குகிறது என்பதால் முழுசாகச் சொல்கிறேன். ஒரு சர்வ்லெட் தன்னிடம் வந்த கேள்வியை இன்னொன்றிடம் கொண்டுபோவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று இன்க்ளூட், மற்றது ஃபார்வர்டு. இன்க்ளூட் என்றால், வாசலில் வந்து நிற்கிறவரிடம், "செத்த இருங்க, உள்ள கேட்டுட்டு வாரேன்" என்று போய், கேட்டு, திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து நாமே பேசுவது. ஃபார்வர்டு என்றால், "இனிமே அண்ணே பேசுவாரு, நான் போறேன்" என்று கையைக் கழுவிவிட்டுப் போவது.

மதுரையில் கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எழுந்து, செருப்பை மாட்டி, வண்டியை உதைத்துக்கொண்டே 'வாரேன்' என்பார்கள். வெளியூர்க்காரர்கள் பக்கத்திலிருந்தால், வருகிறாரா போகிறாரா என்று முழிப்பார்கள். 'போறேன்' என்று ஒருத்தர் சொல்லிவிட்டுப் போனால், அவர் முறைத்துக்கொண்டு போகிறார், இனிமேல் இந்த வாசலை மிதிக்கமாட்டார் என்று அர்த்தம்.

கோகுல்நாத் இதைப் பிடித்துக்கொண்டான். "இன்க்ளூட்னா வாரேன். ஃபார்வர்டுனா போறேன். வாரேன்னு போனவன் திரும்பி வருவான். போறேன்னு போனவன் வருவானா? வரமாட்டான். அதனால ஃபார்வர்டுக்கு அடுத்த வரி ஓடவே ஓடாது" என்றான்.

வகுப்பு கைதட்டியது. கீழே பரோட்டாக் கடையில் கொத்துப் போடுகிற சத்தத்தையும் தாண்டி அந்தக் கைதட்டல் கேட்டது. உதாரணம் அவ்வளவு கச்சிதம். அவ்வளவு கச்சிதமானது சரியா தப்பா என்று ஓட்டிப் பார்க்க யாருக்குத்தான் மனசு வரும்? இப்படிப்பட்டவன் புரோகிராமர் ஆகக்கூடாது. கதை எழுதப் போகலாம்.

4

இந்த இடத்தில் பாண்டீஸ்வரியைக் கொண்டுவர வேண்டும். எழுதியதிலேயே என்னைத் திணற வைத்தவள் இவள்தான். முதல் பிரதியில், "சமணர் மலையின் நிழலில் பூத்த..."

(வேண்டாம். அவள் எங்கும் பூக்கவில்லை. கீழக்குயில்குடியிலிருந்து எட்டேகால் பஸ்ஸில் வந்தாள்.)

வயது இருபத்திரண்டு. கம்ப்யூட்டர் சயன்ஸ் பட்டம் வாங்கியிருந்தாள். அவளுக்கு வகுப்பில் சிரிக்கிற பழக்கம் கிடையாது. கோகுல்நாத் ஜோக் சொன்னால் மற்றவர்கள் சிரிப்பார்கள், இவள் குனிந்து நோட்டில் எழுதிக்கொள்வாள். தேதி போட்டு எழுதுவாள். "14.2.03: இன்க்ளூட் = வாரேன். ஃபார்வர்டு = போறேன். அடுத்த வரி ஓடாது." கடைசி மூன்று சொல்லுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு. இந்த நோட்டை கோகுல்நாத் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்திருக்கிறான்.

அவளுக்குச் சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. ஒரே ஒரு நிபந்தனை: ஜூன் இரண்டாம் தேதி சேரும்போது இந்தப் பரீட்சைச் சான்றிதழைக் காட்டவேண்டும். அது இல்லையென்றால் என்ன என்பதையும் வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அவள் அண்ணன் அசோக்குமார் மேலூரில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்தில் பேசி வைத்திருந்தான். கம்ப்யூட்டர் டீச்சர் வேலை, பள்ளிக்கூட வேனே வந்து அழைத்துப் போகும். யாரும் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை. எல்லோரும் நல்லதைத்தான் நினைத்தார்கள். ஆனால் அவளுக்கு அது வேண்டாம்.

"மூணாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெயிண்ட்ல வீடு வரையச் சொல்லிக் குடுக்கணும் சார்," என்றாள் ஒரு நாள். "வீட்டுக்குப் பின்னாடி மலை, மலைக்கு நடுவுல சூரியன். எனக்கு சர்வர் எழுதணும்."

கோகுல்நாத்தும் அந்தப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். இரண்டு வருடமாகப் படித்துக்கொண்டே இருந்தான். எழுதினால் ஃபெயிலாகிவிடும் அபாயம் உண்டு, படித்துக்கொண்டே இருந்தால் அந்த அபாயம் இல்லை. முதலில் நீ எழுதிவிட்டு வா, கேள்வி எப்படி என்று பார்த்துக்கொண்டு நான் எழுதுகிறேன் என்று அவளிடம் சொன்னான். அதைப் பெருந்தன்மை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

5

மே இருபத்து மூன்று. பைபாஸ் ரோட்டில் ஒரு கட்டிடத்தின் இரண்டாவது மாடியில் பரீட்சை. கம்ப்யூட்டரிலேயே எழுதி, முடித்த நிமிடமே முடிவு திரையில் வந்துவிடும். கோகுல்நாத் எதிரே கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்றான்.

பாண்டீஸ்வரி வெளியே வந்தாள். முதல் பிரதியில் அவளை அழவிட்டிருந்தேன். எழுத வசதியாக இருந்தது. நிஜத்தில் அவள் ரோட்டைக் கடந்து வந்து, தாகமாக இருக்கிறது என்று சொல்லி, கரும்புச்சாறை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தாளை அவனிடம் நீட்டினாள். அறுபதுக்கு முப்பத்தாறு. முப்பத்தேழு வாங்கினால் தேர்ச்சி.

ஒன்று. ஒரே ஒரு கேள்வி.

எது எது கேட்டார்கள் என்று அவன் விசாரித்தான். அவள் ஞாபகமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவளுக்குச் சந்தேகமாக இருந்தவை நிறைய. சந்தேகமே இல்லாமல் போட்டது ஒன்று உண்டு என்றாள். ஃபார்வர்டுக்கு அடுத்த வரி என்ன ஆகும் என்று ஒரு கேள்வி. நாலு விடை. ஓடாது என்று ஒன்று. ஓடும், ஆனால் அது எழுதுவது கேட்டவரைப் போய்ச் சேராது என்று இன்னொன்று.

"பாத்ததுமே நீங்க சொன்னது காதுல கேட்டுச்சு சார். யோசிக்கவே இல்ல. ஓடாதுன்னு போட்டேன்," என்றாள்.

கோகுல்நாத் தலையாட்டினான். பிறகு அந்த இரண்டாவது விடையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். அவ்வளவு நீளமாக, அவ்வளவு நுணுக்கமாக ஒரு தப்பான விடையை எந்தப் பரீட்சைக்காரன் உட்கார்ந்து தயாரிப்பான்?

6

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம், ஓனர் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். கோகுல்நாத் அவர் அறைக்குள் போய் அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்தான். இரண்டு வருடத்தில் முதல் தடவை. ஃபார்வர்டு செய்து, அதற்கு அடுத்த வரியில் எதையாவது அச்சடிக்கச் சொல்லிப் பார்த்துவிடுவோம் என்று எண்ணம்.

அவன் எழுத வேண்டியிருக்கவில்லை. ஏற்கனவே யாரோ எழுதி வைத்திருந்தார்கள். கோப்பின் பெயர், ஆங்கில எழுத்தில், 'போறேன்'. தேதி, பரீட்சைக்கு முந்தின நாள். அப்படித் தேதி பார்த்து ஓட்டிப் பார்க்கிற ஆள் வகுப்பில் பாண்டீஸ்வரி ஒருத்திதான். திறந்து பார்த்தான். ஃபார்வர்டு. அதற்கு அடுத்த வரி, ஆங்கில எழுத்தில், 'வந்துட்டேன்' என்று அச்சடிக்கச் சொன்னது. ஓட்டினான்.

உலாவியில், அதாவது கேள்வி கேட்டவர் பார்க்கிற ஜன்னலில், அந்த வரி தெரியவில்லை. ஃபார்வர்டு செய்த பக்கம் மட்டும் வந்து நின்றது. ஆனால் பின்னால், சர்வர் தன் பாட்டுக்கு முணுமுணுத்துக்கொண்டே இருக்குமே, அந்தக் கறுப்பு ஜன்னலில், ஒரு வரி வந்து உட்கார்ந்தது.

வந்துட்டேன்.

போறேன் என்று போனவன் திரும்பி வந்திருந்தான். வந்து பேசவும் பேசினான். கேள்வி கேட்டவருக்கு மட்டும் அது கேட்கவில்லை.

கோகுல்நாத் திரும்பவும் ஓட்டினான். திரும்பவும் வந்துட்டேன். அன்றைக்கு அவன் அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான் என்று எனக்குத் தெரியும், ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள். பாண்டீஸ்வரி போட்ட தப்பு இருபத்து நாலு. அதில் இருபத்து மூன்று அவளுடையது. ஒன்று இவனுடையது. அந்த ஒன்றால்தான் அவள் கீழே நிற்கிறாள்.

(அடிக்குறிப்பு: அந்த மெஷினை அவளுக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று பிற்பாடு ஓனரிடம் கேட்டான். "கேட்டுச்சு, குடுத்தேன்" என்றார் ஓனர். இரண்டு வருடத்தில் கோகுல்நாத் கேட்கவே இல்லை.)

இங்கே ஹம்சவேணி குறுக்கிட்டாள். ஒரு பெண் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள், எதையும் ஓட்டிப் பார்க்கிற கெட்டிக்காரி என்றும் நீங்களே எழுதுகிறீர்கள், அப்படிப்பட்டவள் பார்த்ததை விட்டுவிட்டு வாத்தியார் சொன்னதைப் பரீட்சையில் போடுவாளா, நம்புகிற மாதிரி இல்லையே, மாற்றுங்கள் என்றாள்.

மாற்ற முடியாது. இந்தக் கதையில் நான் நினைத்தாலும் இட்டுக்கட்ட முடியாதது இது ஒன்றுதான்.

7

ஞாயிற்றுக்கிழமை காலை கோகுல்நாத் தன் டி.வி.எஸ். வண்டியில் கீழக்குயில்குடிக்குக் கிளம்பினான். அவளுக்கு உண்மை தெரியும், என் மேல் கோபமாக இருப்பாள், காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும், சென்னைக் கம்பெனிக்கு நானே போன் போட்டு, தப்பு என்னுடையது, பதினைந்து நாள் அவகாசம் கொடுங்கள், மறுபடி எழுதுவாள் என்று சொல்லவேண்டும். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே போனான். நாகமலை தாண்டும்போது ஒத்திகையில் நாலு சொட்டுக் கண்ணீரும் சேர்ந்திருந்தது.

வீட்டில் அவள் அம்மா ஒச்சாயி இருந்தார். அப்பா நல்லகாமன் வயலுக்குப் போயிருந்தார். யார் வந்திருப்பது என்று தெரிந்ததும் ஒச்சாயிக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தார். கோழிக் குழம்பு வைத்து இலை போட்டார்.

"எல்லாம் நீங்கதேன் சொல்லிக் குடுத்தீங்களாம் தம்பி. ஒரு மார்க்குலதேன் போச்சாம்ல. இம்புட்டு தூரம் வந்ததே உங்களாலதேன்னு சொல்லிக்கிட்டே இருக்கா," என்றார்.

இதற்குமேல் அவன் எப்படிச் சொல்வான்? சோறு உள்ளே போகப் போக, ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் வெளியே வராமல் அடியில் தங்கிவிட்டது. மன்னிப்புக் கேட்கப் போனவன் இரண்டாம் தடவை குழம்பு வாங்கிக்கொண்டான் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். நன்றாக இருந்தது.

சாப்பிட்டு முடித்து வண்டிக்கு வந்தான். பாண்டீஸ்வரி கூடவே வந்தாள். எதிரே மலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் முகத்தில் கோபம் இல்லை. அவன் எதிர்பார்த்து வந்தது எதுவுமே இல்லை. ரொம்ப நேரம் யோசித்து வைத்ததைக் கேட்கிற மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"பரீட்சைக்கு முத நாள் ஓனர் சார் மெஷின்ல ஓட்டிப் பாத்தேன் சார். ஃபார்வர்டுக்கு அடுத்த வரியும் ஓடுச்சு. மூணு தடவ ஓட்டுனேன், மூணு தடவையும் வந்துட்டேன்னு வந்துச்சு."

கோகுல்நாத் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மெஷின் கோளாறா சார்? இல்ல, எனக்குத்தேன் ஓட்டத் தெரியலையா? மெஷின் கோளாறுன்னா கம்பெனில கொஞ்ச நாள் கேட்டு மறுபடி எழுதிப் பாக்கலாம்னு இருக்கேன். எனக்கே ஓட்டத் தெரியலைன்னா, சரி, மேலூருக்கே போயிடுறேன்."

இரண்டே விடை கொடுத்தாள். சரியான விடை அந்த இரண்டில் இல்லை. சார் தப்பாகச் சொல்லியிருக்கலாம் என்கிற மூன்றாவது விடை அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் பொடிவைத்துப் பேசவில்லை. அந்த முகத்தை நான் பார்த்தேன்.

(பார்த்தான்.)

8

இப்போது முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் கோகுல்நாத் நிமிர்ந்து, தப்பு என்னுடையது என்கிறான். கம்பெனிக்குப் போன் போடுகிறான். அவள் மறுபடி எழுதி ஐம்பத்தைந்து வாங்குகிறாள். வருடங்கள் கழித்து ஏதோ ஒரு விமான நிலையத்தில் இருவரும் சந்தித்து... இந்த இடத்தில் ஹம்சவேணி தாளைக் கீழே வைத்துவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை.

இரண்டாவது முடிவில் அவன், மெஷின் கோளாறுதான், மறுபடி எழுது என்று பொய் சொல்கிறான். அவன் மானமும் பிழைக்கிறது, அவளும் பிழைக்கிறாள். பொய் சொல்லியாவது ஒரு நல்லது செய்தான் என்று ஆகிறது. இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதையே வைத்துக்கொள்ளலாம் என்று பதினைந்து நாள் இருந்தேன்.

மூன்றாவது முடிவில் அவன் பதிலே சொல்லாமல் மலையைப் பார்க்கிறான். காற்று வீசுகிறது. இது இலக்கியத் தரமாக இருப்பதாக எனக்கே சந்தேகம் வந்ததால் கிழித்துவிட்டேன்.

நடந்தது இது. மெஷின் கோளாறு என்று சொன்னால் அவள் நாளைக்கே வேறொரு மெஷினில் ஓட்டிப் பார்ப்பாள். அவள் ஓட்டிப் பார்க்கிறவள். அங்கேயும் 'வந்துட்டேன்' என்று வரும். அப்புறம் மூன்றாவது விடை தானாகவே தோன்றிவிடும். கைதட்டல், சிவப்பு மை அடிக்கோடு, கோழிக் குழம்பு, எல்லாம் போய்விடும். இவ்வளவையும் கோகுல்நாத் ஒரு நொடியில் கணக்குப் போட்டான். வாழ்நாளில் அவன் அவ்வளவு வேகமாக யோசித்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ ஓட்டுறதுலதான் எங்கயோ தப்புப் பண்ணிருப்ப பாண்டீஸ்வரி," என்று சொன்னான்.

சொன்னேன்.

கோகுல்நாத் நான்தான். உங்களுக்கு முதல் பக்கத்திலேயே தெரியும், எனக்குத்தான் இவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

அவள் மறுத்துப் பேசவில்லை. "அப்படித்தேன் சார் இருக்கும்," என்றாள். நான் வண்டியை உதைத்தேன். நாக்கு எப்படிப் புரண்டதோ தெரியாது, "போறேன்" என்று சொல்லிவிட்டேன்.

வாசலிலிருந்து ஒச்சாயி கேட்டுவிட்டார். "என்ன தம்பி நீங்க, போறேன்னு சொல்லுவாங்களா? வாரேன்னு சொல்லுங்க."

"வாரேன்மா," என்றேன்.

அப்புறம் நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. போறேன் என்று போனவன் திரும்பி வந்துவிடுவான், வாரேன் என்று போனவன்தான் வரமாட்டான் என்று அந்த உதாரணத்தை மாற்றிச் சொல்லியிருக்கவேண்டும். தமிழாகக்கூட அது தேறவில்லை.

ஜூன் மாதம் பாண்டீஸ்வரி மேலூர் பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று சென்டரில் யாரோ சொன்னார்கள். அதே ஜூன் கடைசியில் நானும் ஒருவழியாகப் பரீட்சை எழுதினேன். அதே கேள்வி வந்தது. ஓடும், ஆனால் அது எழுதுவது கேட்டவரைப் போய்ச் சேராது. சரியான விடையைப் போட்டேன். அறுபதுக்கு முப்பத்தேழு. ஒன்று குறைந்திருந்தால் நானும் ஃபெயில். அந்த ஒன்று அவள் ஓட்டிப் பார்த்தது. அந்தத் தாளைக் காட்டித்தான் சென்னையில் வேலை வாங்கினேன், அந்த வேலையைக் காட்டித்தான் எங்கள் வீட்டில் ஹம்சவேணியைப் பெண் கேட்டார்கள். இதையெல்லாம் அவளிடம் போன வாரம்தான் சொன்னேன். அவள் இந்த முறை திருத்தம் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா என்று மட்டும் கேட்டாள்.

எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கும் தெரியும்.

9

ஒரு கதையை எழுதி அச்சுக்குக் கொடுப்பது அசல் ஃபார்வர்டு. இனிமேல் பேசவேண்டியவர் நீங்கள். நான் இதற்குப் பிறகு எதை எழுதினாலும், கேள்வி கேட்டவளுக்கு அது போய்ச் சேராது. அவள் கேட்டது 2003 மே மாதம். பதில் அன்றைக்கே போய்விட்டது. போன பதிலைத் திரும்ப வாங்க சர்வரில் வழி கிடையாது. இது ஜெராக்ஸ் புத்தகத்தில் ஆறாம் அத்தியாயத்தில் இருக்கிறது, நான் பஸ்ஸில் படித்ததுதான்.

ஆனால் அந்தக் கறுப்பு ஜன்னல் என்று ஒன்று இருக்கிறதே. அதன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள். அடுத்த வரி உங்களுக்குத் தெரியும்.

அதனால் முடிவை உங்களிடம் தருகிறேன். மேலூரிலோ வேறு எங்கேயோ, உங்களுக்குப் பாண்டீஸ்வரி என்று ஒரு கம்ப்யூட்டர் டீச்சரைத் தெரிந்தால், இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவள் என்ன சொல்கிறாளோ அதை இங்கே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்:

. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .

இடம் விட்டிருக்கிறேன். நான் எழுதினால் அவள் என்னை மன்னித்துவிடுவாள். என் எழுத்தின் லட்சணம் அப்படி. அவள் மன்னிக்காமல் போகவும் இடம் வேண்டும்.

அவ்வளவுதான். இனி நீங்கள் பேசுங்கள். நான் போறேன்.

10

வந்துட்டேன், பாண்டீஸ்வரி. மெஷின் சரியாத்தான் இருந்துச்சு. நீயும் சரியாத்தான் ஓட்டுன.